மூன்று மங்கலான தாள்கள்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டை யார் செய்கிறார்கள்? பிள்ளைகளா, நீங்களா? எங்கள் வீட்டில் பிள்ளைதான் செய்தாள். ஆனாலும் நான் உள்ளே புகுந்து ஒரு தப்பு செய்துவிட்டேன்.

என் அண்ணன் மகள் தருமபுரியில் எங்கள் வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓவிய டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அச்செடுக்க வேண்டும். நிறத்தால் மட்டுமே வித்தியாசம் காட்ட வேண்டும்.

வெண்டைக்காயை நறுக்கிப் பூப்பூவாகக் குத்துவாள் என்று நினைத்தேன். அவளோ உருளைக்கிழங்கை நீளவாக்கில் வெட்டி, ஊக்கு முனையால் மெல்லிய கோடுகள் கீறினாள்.

“என்னடி இது?”

“பட்டுக்கூடு, அத்தை.”

அண்ணன் பென்னாகரம் பக்கம் மல்பெரி போட்டு, பட்டுப்புழு வளர்க்கிறார். தருமபுரி அங்காடிக்கு வெள்ளைக் கூடும் மஞ்சள் கூடும் மூட்டை மூட்டையாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் இவள்.

கிழங்கின் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்தாள். இல்லாவிட்டால் நிறம் நீர்த்துப்போகுமாம். ஸ்பாஞ்சில் போஸ்டர் கலரைத் தடவி, அதில் கிழங்கை ஒற்றித் தாளில் அழுத்தினாள். முதல் வரிசையில் மஞ்சள், அது காய்ந்ததும் மேலே பழுப்பு. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மாற்றினால் மஞ்சள் எடுபடாது என்று எனக்கே பாடம் எடுத்தாள். அடுத்த வரிசை, வெறும் மஞ்சள்.

மறுநாள் காலை மேஜையை ஒழுங்குபடுத்தினேன். மூன்று தாள்களில் அச்சு இருப்பதே தெரியவில்லை. சரியாக விழாதவை என்று நானே முடிவு செய்து குப்பையில் போட்டேன். குப்பை வண்டியும் வந்து போய்விட்டது.

அவள் எழுந்து வந்து தேடினாள். “அத்தை, அதுதான் கதையோட ஆரம்பம்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

கிழங்கை ஒரே ஒரு முறை நிறத்தில் ஒற்றி, தொடர்ந்து ஆறு அச்சு எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கல். அதைத் தலைகீழாக அடுக்கினால், நிழலில் தொடங்கி அடர் மஞ்சளில் முடியும். சந்திரிகைத் தட்டில் விட்ட புழு நூல் விடுவதும் அப்படித்தான். முதலில் மெல்லிய வலை, உள்ளே புழு தெரியும். இரண்டு மூன்று நாளில் கூடு கெட்டியாகி, புழு மறைந்துவிடும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962ல் மர்லின் மன்றோவின் முகத்தை 50 முறை அச்சிட்டார். 25 வண்ணத்தில், 25 கறுப்பு வெள்ளையில். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் சில முகங்களில் மை அப்பியிருக்கும். சில முகங்கள் மங்கி மறைவதுபோல இருக்கும். நடிகை இறந்த ஆண்டு அது. அந்த மங்கலை எடுத்துவிட்டால் படத்தில் பாதி அர்த்தம் போய்விடும்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 1925ல் சித்தூர் அருகே பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பிறகு பாரிஸ் போய், ஒரே தகட்டில் பல நிறங்களை ஒரே தடவையில் அச்சிடும் முறையைச் சக கலைஞர்களோடு சேர்ந்து உருவாக்கினார். எண்ணெய் கூடிய மையும் குறைந்த மையும் ஒன்றோடொன்று ஒட்டாது. கெட்டி ரோலர் மேட்டைத் தொடும், மெத்தென்ற ரோலர் பள்ளம் வரை போகும். அடுப்படியில் தினமும் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாததைப் பார்க்கும் நமக்கு இது எளிதாகப் புரியும்.

அன்று மாலை அவள் வேறு கிழங்கை வெட்டினாள். பழையது சுருங்கிவிட்டது. புதிய அச்சில் கோடுகள் கொஞ்சம் வேறாக விழுந்தன. “அதே மாதிரி வரல, அத்தை” என்றாள். ஆறையும் புதிதாக எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டு மேஜையிலும் இப்படி மங்கலான, கோணலான தாள்கள் கிடக்கும். குப்பையில் போடும் முன், வரைந்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.