நான் கேட்பது சேர்க்கை அல்ல, ஓர் அறை

கல்யாணத்துக்கு முன்பு வீணை கற்ற பெண்கள் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். வர்ணம் வரை வந்திருப்பார்கள். சிலர் கீர்த்தனை வரை. பிறகு புகுந்த வீடு, பிள்ளைகள், வேலை. வீணை பரணுக்குப் போய்விடும். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் என்னுடையதைக் கீழே இறக்கினேன்.

இறக்கியதும் வாசித்துவிட முடியாது. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறைந்தவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, அதில் பதித்தவை. எங்கள் ஊர் வெயிலுக்கு மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் ஸ்வரம் பிசகும். தஞ்சாவூருக்கு எடுத்துப்போய், மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்டி வாங்கினேன். கட்டிக் கொடுத்தவர் பலாமரக் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மரம் நல்லா இருக்கும்மா, தைரியமா வாசிங்க” என்றார்.

வாசித்தேன். விரல் நுனியில் பழைய காய்ப்பு மெல்லத் திரும்பியது. ஆனால் தனியாக வாசிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. கமகம் கடினமான இடத்தில் காலப்பிரமாணம் தானாக இறங்கும், எளிய இடத்தில் ஓடும். சுண்டுவிரல் தாளத்தந்திகளை ஒழுங்காகவே மீட்டுவதாக நமக்குத் தோன்றும். பக்கத்தில் ஒரு மிருதங்கம் வந்து உட்கார்ந்தால்தான் தாளம் எங்கே நிற்கிறது என்பது தெரியும். வயதான பிறகு வாத்தியத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நன்றாக வந்த பிறகு மற்றவர்களோடு சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். சேர்ந்தால்தான் நன்றாக வரும்.

அப்படித்தான் நாங்கள் ஐவர் சேர்ந்தோம். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர் ஒருவர் எங்களுக்கு மிருதங்கம். வங்கியில் இருந்த அம்மா ஒருவர் வயலின். வீணை மூன்று பேர். முதல் நாளே சுருதியில் வழக்கு. பெண்கள் பாட்டுக்கு வாசித்தவர் என்பதால் வயலின் அம்மாவுக்கு ஐந்தரைக் கட்டை பழக்கம். வீணைத் தந்தி அவ்வளவு ஏற்றத்தைத் தாங்காது. கடைசியில் மூன்று கட்டைக்கு ஒத்துக்கொண்டோம். மிருதங்கக்காரர் அதற்கென்று தக்கு சுருதி மிருதங்கம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அன்று மோகன வர்ணத்தை முதல் காலத்தில் மட்டும் வாசித்தோம். பல்லவி திரும்பி வந்தபோது ஐவரும் ஒரே இடத்தில் எடுத்தோம். அந்தச் சந்தோஷத்தைத் தனி அறையில் எத்தனை வருடம் வாசித்தாலும் பெற முடியாது.

சேர்ந்து இசைப்பது நமக்குப் புதிதும் அல்ல. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது பஞ்சரத்தின கீர்த்தனைகளை வித்வான்களும் மற்றவர்களும் ஒன்றாக அமர்ந்துதானே பாடுகிறார்கள்? அதை விட்டால் வருடம் முழுதும் மேடையில் சிலர், எதிரே நாற்காலியில் மற்றவர்கள். மேடை ஏறாதவர் கேட்க மட்டும்தான் வேண்டும் என்று ஆக்கிவைத்திருப்பது இசைக்கே நஷ்டம்.

இப்போது எங்கள் சிக்கல் இடம். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மூன்று வீணைகளைக் கிடத்தினால் நடக்க வழியில்லை. மிருதங்கச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் பயிற்சிக்கு 12 முதல் 25 வயது வரைதான் சேர்க்கிறார்கள். வாழ்க்கையையே இசைக்குக் கொடுக்க வரும் பிள்ளைகளுக்கான இடம் அது. அந்த வரம்பைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், உதவித்தொகையும் வேண்டாம். வகுப்பு முடிந்தபின், வாரத்தில் ஒரு மாலை, அங்கே ஓர் அறை போதும். விரிக்கப் பாய் நாங்களே கொண்டுவருவோம். கலை பண்பாட்டுத் துறை ஏதாவது ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.