பஃபர் என்னும் பெயர் மறைக்கும் பாதி வேலை

அமெரிக்காவில் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, ஏஆர்-15 வகை அரைத் தானியங்கித் துப்பாக்கியைத் தாமே பொருத்திக்கொள்வோர் பலர். எந்த எடையுள்ள பஃபரைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர்களிடையே ஓயாத விவாதம். இத்தகைய ஆயுதம் பொதுமக்கள் கையில் இருக்கலாமா என்பது வேறொரு பெரிய கேள்வி. இங்கே கருதத்தக்கது, அந்தத் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சிந்தனைப் பிழை. அதே பிழை ஒரு காலத்தில் உயிர்களைப் பலிகொண்டது.

பிழை பெயரிலேயே தொடங்குகிறது. பஃபர் என்றதும் ரயில் பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்கும் பாகமே நினைவுக்கு வருகிறது. துப்பாக்கியிலும் அது அதிர்வைக் குறைக்கும் பாகம் என்றே பலர் கொள்கின்றனர். ஆனால் அதன் வேலை அவ்வளவோடு முடிவதில்லை. சுடும்போது குழலிலிருந்து பிரியும் வாயு போல்ட் கேரியரைப் பின்னே தள்ளுகிறது. பின்கட்டையினுள் உள்ள பஃபரும் சுருள்வில்லும் அதன் வேகத்தைத் தணித்து மீண்டும் முன்னே அனுப்புகின்றன. பஃபருக்குள் தளர்வாக நகரும் எடைகள், முன்னே சென்று மோதும் கேரியர் துள்ளிப் பின்வாங்காமல் காக்கின்றன. ஆகவே அது கால ஒழுங்கைப் பேணும் உறுப்பு. தோளுக்குக் கிடைக்கும் இதம் அதன் உடன்விளைவே.

சந்தையில் ஏறத்தாழ 85 கிராம் முதல் 150 கிராமுக்குச் சற்று மேல் வரை பஃபர்கள் கிடைக்கின்றன. உதைப்பு மிகுந்தால் கனமானதை மாட்டு என்பதே எளிய அறிவுரை. உதைப்புக்குக் காரணம் வாயுத் துளை பெரிதாக இருப்பதாயின், அந்த எடை நோயின் குறியை மட்டுமே அடக்குகிறது. மிகை வாயு அப்படியே இருக்கிறது. எடை அளவு மீறினாலோ, வலுக்குறைந்த தோட்டாவைச் சுடும்போது கேரியர் முழுத் தொலைவு பின்செல்லாது. அடுத்த தோட்டா ஏறாது.

வியட்நாம் போரின் வரலாறு இதற்குச் சான்று. யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பு ஒருவகை வெடிமருந்தை மனத்திற்கொண்டு உருவானது. 1964இல் அமெரிக்க இராணுவம் வேறுவகை உருண்டை மருந்துக்கு இடமளித்தது. அதனால் எம்16 துப்பாக்கியின் சுடுவேகம் ஏறியது, கோளாறுகள் பெருகின. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. தூய்மைக் கருவிகளும் போதிய அளவு வழங்கப்படவில்லை. துப்பாக்கி அடைத்துக்கொண்டதால் களத்தில் வீரர்கள் மாண்டதாகக் கடிதங்கள் வந்தன. வேகத்தைத் தணிக்க, கூடுதல் எடையுள்ள புதிய பஃபர் புகுத்தப்பட்டது. அது உதவியது, ஆனால் தனியாக நின்று மீட்கவில்லை. குரோமியப் பூச்சும் தூய்மைப் பயிற்சியும் பிற திருத்தங்களும் சேர்ந்தே நம்பகத்தைத் திருப்பித் தந்தன. 1967இல் இக்கார்டு தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு, மருந்தை மாற்றிய முடிவையும் நிர்வாகத்தின் அலட்சியத்தையும் கடுமையாகச் சாடியது. ஒரு பாகத்தை மாற்றியவர்கள் மற்றவற்றின்மீது அதன் விளைவை முன்கூட்டி ஆராயவில்லை என்பதே அக்கதையின் சாரம்.

கனமான பஃபர் மலிவானது, மாற்றுவதற்கு எளியது என்னும் வாதம் பொய்யன்று. குழலும் வாயு அமைப்பும் ஏற்கெனவே முடிவாகிவிட்ட துப்பாக்கியில் அது நியாயமான சரிக்கட்டலும் ஆகும். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தச் சாக்கு இல்லை. குழலின் நீளம், வாயு அமைப்பு, பயன்படுத்தப்போகும் தோட்டா ஆகியவற்றை முதலில் தீர்மானித்து, வில்லையும் பஃபரையும் இறுதியில் அவற்றுக்கு இசையத் தேர்வதே முறை. இராணுவத் தானியங்கித் துப்பாக்கியின் எடையை அப்படியே நகலெடுப்பதும் தவறு. அங்கே தொடர்ச்சுடலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு நோக்கம். ஒவ்வொரு சுடலுக்கும் விசையை அழுத்த வேண்டிய அரைத் தானியங்கியில் அந்த நோக்கமே இல்லை.

பாகங்களைப் பட்டியலிட்டு விற்கும் சந்தை, ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் குணம் உண்டு என்ற மயக்கத்தை வளர்க்கிறது. 85 கிராமா, 150 கிராமா என்னும் வினாவுக்குத் தனித்த விடை கிடையாது. எந்தக் குழலோடு, எவ்வளவு வாயுவோடு, எந்தத் தோட்டாவோடு என்று சேர்த்துக் கேட்கும்போதுதான் அது வினாவாகவே ஆகிறது.