கோழித் தீவனமும் சர்க்கார் முத்திரையும்

மோகனூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் கோழிப் பண்ணையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. நாமக்கல் முட்டை கடல் கடந்தும் போகிறது. நம் ஏழைப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டிலும் விழுகிறது. ஆகவே அந்தக் கோழி எதைத் தின்கிறது என்பது பண்ணைக்காரர் விஷயம் மாத்திரமல்ல. பிள்ளை பெற்றவர் எல்லோருடைய விஷயமுமாகும்.

2021-ஆம் வருஷத்தில் சோயா புண்ணாக்கு விலை சில மாதங்களுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறிற்று. பண்ணைக்காரர்கள் திண்டாடினார்கள். ஆகஸ்டு 24-ந் தேதி மத்திய சர்க்கார் 12 லட்சம் டன் புண்ணாக்கு இறக்குமதிக்கு உத்திரவு கொடுத்தார்கள். அது மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கு. அதாவது வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தி உண்டாக்கிய பயிர். பெரும்பாலும் களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத ஜாதி.

இதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் என்ன? எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் முளைக்கும் விதை இல்லை. ஆதலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்பதாகும். சரி, முளைக்காது என்பது வயலுக்குப் பதில், வயிற்றுக்குப் பதிலாகுமா? வயிற்றுக்குப் பதில் சொல்லவேண்டிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தைக் கேட்கலாமென்றால், 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தில் "உணவு" என்ற சொல்லுக்குள் கால்நடைத் தீவனம் அடங்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் இலாகா வயலைப் பார்க்கும். மற்றோர் இலாகா மனிதன் தட்டைப் பார்க்கும். நடுவிலுள்ள கோழியைப் பார்ப்பவர் யார் என்று கேட்கிறோம்.

மனிதன் தட்டின் யோக்கியதையாவது ஒழுங்கா? அதே சட்டத்தின் 22-வது பிரிவு, விதிகளுக்கு உட்பட்டாலன்றி மரபணு மாற்றிய உணவை யாரும் விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. அந்த விதிகளின் நகல் ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு வந்ததோ 2021 நவம்பரில்! பதினைந்து வருஷம் சட்டம் தூங்கியது. ஆனால் மரபணு மாற்றிய சோயாவின் எண்ணெய்க்கு 2007-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

நிற்க, நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல. "ஜாதி விட்டு ஜாதி கலந்தால் பாவம்" என்று மனிதனுக்குச் சொன்னவர்கள் இன்று பயிருக்கும் அதையே சொல்லுகிறார்கள். கோயமுத்தூரில் காட்டு நாணலோடு கரும்பைக் கலந்து புது ரகம் உண்டாக்கி 1918-ல் வெளியிட்டார்களே, அதனால் எந்தச் சாமி கோபித்துக்கொண்டது? அந்த வழிவந்த கரும்புதானே இந்தக் காவேரிக்கரை வயல்களிலும் விளைகிறது! இப்போது சந்தையிலுள்ள மரபணு மாற்று உணவுகளால் மனிதருக்குத் தீங்கு கண்டதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பரீட்சிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இத்தீவனம் தின்ற கோழிகளின் முட்டையைச் சோதித்தவர்களும் மாற்றிய மரபணு முட்டையில் காணப்படவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் பயமில்லையே, பிறகென்ன வழக்கு என்று கேட்கலாம். பயமில்லை என்று நமக்குத் தெரிந்ததே சோதனையால்தான், முத்திரையால் அல்ல. அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கென்று பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தார்கள். அக்கொட்டை ஒவ்வாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாது என்பது சோதனையில் தெரிந்தது. 1996-ல் அது வெளியிடப்பட்டது. அந்தச் சோயா விற்பனைக்கே வரவில்லை. அங்கேயே "ஸ்டார்லிங்க்" என்ற மக்காச்சோளத்தைத் தீவனத்துக்கு மாத்திரம் அனுமதித்தார்கள். 2000-ல் அது மனிதர் தின்னும் பலகாரத்திலேயே கிடந்தது; கடைகளிலிருந்து திரும்ப வாங்கினார்கள். தீவனம் வேறு, உணவு வேறு என்று காகிதத்தில் கோடு கிழித்தால் மூட்டைக்கு அது தெரியுமா?

நம் நாட்டில் பி.டி. கத்தரிக்காய்ச் சோதனை விவரங்களை வெளியே கொண்டுவர உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. சோதனைக் கணக்கைக் கொடுத்தவர்களோ விதை விற்கும் கம்பெனிக்காரர்கள். கணக்கைக் காட்டாமல் "நம்பு" என்று சொல்லும் அதிகாரிக்கும், கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நிற்கவைத்து "நம்பு" என்று சொல்லும் அர்ச்சகனுக்கும் என்ன வித்தியாசம்? நவலடியானுக்கு நேர்ந்துகொண்டு மூட்டையைப் பிரிப்பதும், முத்திரையைக் கும்பிட்டு மூட்டையைப் பிரிப்பதும் ஒன்றுதான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தீவனத்தையும் உணவுச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். விற்பவனுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். மூட்டையின்மேல் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையைத் தீட்டு என்று பிள்ளைகள் தட்டிலிருந்து எடுக்கப் பார்க்கும் கூட்டம் இதைச் சாக்காக்கிப் பயங்காட்ட வரும். ஏமாறாதீர்கள். பிள்ளைக்கு முட்டையைக் கொடுங்கள். சர்க்காரிடம் கணக்கைக் கேளுங்கள்.