மூன்று வீதம் யாருக்கு?

அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் சொல்கிறது. 1988இல் வந்தது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பதவிக்குரிய தகைமை இருக்க வேண்டும், இயலாமை கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று அதிலேயே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். நடக்க இயலாத ஒருவர் படித்திருந்தால் விண்ணப்பிக்கவாவது முடியும். (கந்தோரின் படிகளில் எப்படி ஏறுவது என்பது வேறு கதை.) கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எது கஷ்டமோ, அதையே தகைமையாகக் கேட்கிறோம்.

விசேட கல்வி அலகிலிருந்து வெளியேறும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் பார்க்கிறோம். தோட்டம் பராமரிக்க, புத்தகம் அடுக்க, சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன வேலையை முடிக்க அவர்களில் பலரால் முடியும். ஆனால் சிற்றூழியர் பதவிக்குக்கூட சாதாரண தரச் சித்தி கேட்டால் என்ன செய்வது? வீட்டில் உம்மாவோடு இருக்கிறார்கள். இல்லாவிட்டால் சொந்தக்காரரின் கடையில் சாப்பாட்டுக்கு வேலை.

"பட்டதாரிகளே வீதியில் நிற்கும்போது இவர்களுக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. பட்டதாரிகள் கேட்பது இந்த வேலைகளை அல்லவே. 2020இல் ஒரு இலட்சம் வேலைவாய்ப்புத் திட்டத்தை, வறிய, கல்வித் தகைமை குறைந்தவர்களுக்கென்றே அரசாங்கம் கொண்டுவந்தது. மனம் வைத்தால் பரீட்சைப் பெறுபேறு இல்லாமலும் ஆளெடுக்கலாம். செய்முறையாகச் சோதித்துப் பார்த்து, சில மாதம் பயிற்சி கொடுத்து எடுக்கட்டும்.

பயிற்சி என்றதும் சமூக சேவைகள் திணைக்களத்தின் சீதுவை நிலையத்தைச் சொல்வார்கள். கிழக்கிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு பெண்பிள்ளையைத் தங்கிப் படிக்க அனுப்ப எந்த வாப்பா துணிவார்? அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கேயே பயிற்சி வேண்டும்.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. தங்கச்சிக்குக் கலியாணம் பேச வரமாட்டார்கள் என்று பிள்ளையின் குறைபாட்டை வெளியே சொல்லாத வீடுகள் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் போய்ப் பதியுங்கள். பதிவில் இல்லாத பிள்ளையை எந்தத் திட்டமும் தேடி வராது.

அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகும் நம் பிரதிநிதிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் பிரதேசத்து அரச நிறுவனங்களில் அந்த 3 வீதத்தில் இதுவரை எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், அவர்களில் கற்றல் குறைபாடுள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.