கண்ணாடிச் சுவரா, ஆவி போக வழியா?

மேப்பிள் பாணி காய்ச்சும் கொட்டில் கட்டப் புறப்படுகிறவர்கள் இப்போது வாசலில் தொடங்கி உள்ளே வரைகிறார்கள். முதலில் வாகனத் தரிப்பிடம். பிறகு பான்கேக் பரிமாறும் மண்டபம், வீதியைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர், பாணிப் போத்தல் அடுக்கும் கடை. எல்லாம் முடிந்து மிஞ்சிய மூலையில் அடுப்பு! இது தலைகீழ் வேலை.

நண்பர் ஒருவரின் மகன் பீற்றர்பரோப் பக்கம் 40 ஏக்கர் காணி வாங்கியிருக்கிறார். சரிவான நிலம், பாதிக்கு மேல் நல்ல மேப்பிள் சோலை. கொட்டிலுக்கான பணத்துக்கு நண்பர் தன் வீட்டை ஈடு வைக்கிறார், அதுவும் எழுபது வயதில். கட்டட நிறுவனம் கொடுத்த வரைபடம் இரண்டு வாரமாக என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நிலம் உறைய முன்னர் அத்திவாரம் போட வேண்டுமாம், மாத முடிவுக்குள் கையெழுத்து வேண்டுமாம். 30 வருடம் கட்டட வரைபடங்களோடு மாரடித்தவன் என்பதால் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். படம் அழகு. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் பாணி காய்ச்ச முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். மேப்பிள் சாற்றில் சீனி ஏறத்தாழ 2 சதவீதம்தான். பாணியில் 66 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே ஒரு லீற்றர் பாணிக்கு 40 லீற்றருக்குக் குறையாமல் சாறு போகும், மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதற்காகத்தான் கொட்டிலே கட்டுகிறோம். மணிக்கு 200 லீற்றர் தண்ணீரை வற்றவைக்கும் ஒரு நடுத்தர அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். மணிக்கு 300 கன மீற்றருக்கு மேல் ஆவி! 20 அடிக்கு 30 அடி, சுவர் 9 அடி உயரம் என்று ஒரு கொட்டில் இருந்தால், அதன் முழு வயிற்றையும் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு தரம் நிரப்பப் போதும்.

பழைய கொட்டில்களின் கூரை முகட்டில் இன்னொரு குட்டிக் கூரை ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா போகும்போது எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அது அலங்காரம் இல்லை. இரண்டு பக்கமும் திறக்கும் கதவு வைத்த ஆவிக்கூண்டு. அடுப்புக்கு நேர் மேலே, குறைந்தது அடுப்பின் நீளத்துக்காவது இருக்க வேண்டும். நண்பர் மகனின் வரைபடத்திலும் அது இருக்கிறது. ஆனால் மண்டபத்துக்கு மேலே! திறக்காத கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கு வைத்து. அடுப்புக்கு மேலே தட்டையான உட்கூரை, அதில் சமையலறை விசிறி போல ஒன்று.

தம்பியைக் கேட்டேன். "ஆர்.ஓ. மெசின் போடுறம் மாமா, ஆவி பெரிசா வராது எண்டு சொல்லீனம்" என்றார்.

இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் நல்ல சாமான், நான் அதற்கு எதிரி இல்லை. சாற்றை 2 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் முக்கால்வாசித் தண்ணீர் அடுப்புக்கு வர முதலே போய்விடும். விறகு மிச்சம், நித்திரையும் மிச்சம். ஆனால் குறைவது காய்ச்சும் மணித்தியாலங்கள்தான். அடுப்பு எரிகிற நேரத்தில் அது மணிக்கு 200 லீற்றரைத்தான் வற்றவைக்கும், ஆவியும் அதே ஆவிதான். அடுப்பையும் சிறிதாக்கினால் பேச்சு வேறு. இவர்கள் அடுப்பைக் குறைக்கவில்லை, வழியைத்தான் அடைத்திருக்கிறார்கள். போதாததற்கு, அந்த இயந்திரத்தை வைத்திருப்பது சூடாக்காத பின்தாழ்வாரத்தில். அதன் சவ்வு உறைந்தால் பழுது. பங்குனி இரவு இங்கே எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் உறைந்து பகலில் இளகினால்தானே சாறே இறங்கும்!

வழி இல்லாத ஆவி கூரையில் குளிர்ந்து, தூசியோடு சொட்டுச் சொட்டாகப் பாணிக்குள்ளேயே விழும். மரச் சட்டங்கள் உக்கும். அதைவிட மோசம், காய்ச்சுகிறவருக்குத் தட்டு தெரியாது. அதில் சில அங்குலச் சாறுதான் நிற்கும், மட்டம் இறங்கினால் கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். பாணியோடு தட்டும் போய்விடும். கூண்டு வேண்டாம் என்றால் தட்டை மூடி, குழாய் வைத்து ஆவியை வெளியே எடுக்கலாம், அதுவும் நல்ல முறைதான். ஏதோ ஒன்று வேண்டும். சமையலறை விசிறி அந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை.

யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் காய்ச்சிய கொட்டில்கள் சில வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாலு கப்பு, மேலே கிடுகு, பக்கமெல்லாம் வெளி. படங்கீறி யாரும் கட்டவில்லை. ஆனால் ஆவி எங்கே போகும் என்று அங்கே ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விறகு விஷயம் இன்னும் கேவலம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்புக்கு விறகு போட வேண்டும். வரைபடத்தில் விறகுக் கொட்டில் தரிப்பிடத்துக்கு அப்பால் நிற்கிறது, விருந்தினர் கண்ணில் படக்கூடாதாம். சேற்றில் அதைச் சுமக்கப் போவது யார்? நண்பர்தான், வேறு யார். விறகு அடுப்பு வாய்க்கு நேரே, ஒரு கதவுக்கு அப்பால் இருக்க வேண்டும்.

இடமும் பிழை. சோலை பின்னால் சரிந்து இறங்குகிறது. கீழே கட்டினால் குழாய் வழியே சாறு தானாக வரும். இவர்களோ மேலே, வீதியோரம் வைத்திருக்கிறார்கள், பம்பு போட்டு ஏற்ற வேண்டும். வீதியும் மின்சாரமும் அருகே இருப்பது வசதிதான், மறுக்கவில்லை. கீழே பாதை போடவும் காசு வேண்டும். ஆனால் பாதையை ஒருமுறை போட்டால் போதும், சாறு வருடா வருடம் இறங்கும்.

மண்டபமே வேண்டாமா என்று நண்பர் கோபித்தார். பான்கேக்கில் வருமானம் உண்டு, தெரியும். ஆனால் சாறு இறங்குவது நாலு முதல் ஆறு வாரம். அதற்காக வீட்டை ஈடு வைத்து மண்டபம் கட்டி, மிச்ச மாதங்கள் பூட்டி வைப்பதா? முதலில் அடுப்பு, கூண்டு, சரிவோடு வடிகால் வைத்த கொன்கிறீற் நிலம், கூரை மரத்தில் சூடு படாமல் இடைவெளி விட்ட புகைபோக்கி. இந்தக் கொட்டில்கள் எரிந்துபோவது புதிதில்லை. ஒரு பக்கச் சுவரைப் பிறகு நீட்டக்கூடியதாக விடுங்கள். இரண்டு மூன்று வருடம் பாணி நன்றாக வந்தால் மண்டபம் தன் காசில் தானே வரும்.

வரைபடத்தை மாற்ற நிறுவனம் தனிக் கட்டணம் கேட்கிறது. கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கண்ணாடிச் சுவரைப் பலகைச் சுவராக்கினாலே அதைவிடக் கூடுதலாக மிஞ்சும்.