வெள்ளி நினைவு நாணயங்களும் நம் மாணவரும்

விழா எடுப்போர் அவ்விழாவின் நினைவாக ஒன்றை நிலைநிறுத்த விழைதல் இயல்பு. கல்லூரி மலர் வெளியிடுகின்றது. ஊரார் மண்டபம் எழுப்புகின்றனர். அரசு நாணயம் அடிக்கின்றது. இவற்றுள் கைக்குள் அடங்குவதும் நெடுங்காலம் நிலைக்கத்தக்கதும் நாணயமே. ஆயினும் எளிதில் அழிக்கப்படுவதும் அதுவே. மலரை உருக்கி விற்பார் எவருமிலர். வெள்ளி நாணயத்துக்கோ அதன் வெள்ளியே பகையாய் முடிகின்றது.

இதற்குத் தக்க சான்று நம் நாட்டிலேயே உண்டு. புத்தர் பெருமான் பரிநிருவாணம் எய்தி 2500 ஆண்டு நிறைந்ததென 1956ஆம் ஆண்டு வைகாசியில் இலங்கை பெருவிழாக் கொண்டாடிற்று. அதன் நினைவாக 1957ஆம் ஆண்டு பொறித்த இரு நாணயங்கள் வெளிவந்தன. இலங்கையின் முதல் நினைவு நாணயங்கள் இவையே. ஒன்று செம்பும் நிக்கலும் கலந்த ஒரு ரூபா; மற்றையது வெள்ளியாலான ஐந்து ரூபா. வெள்ளி நாணயம் 28.28 கிராம் நிறையுடையது. ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. அடிக்கப்பட்டவை ஐந்து இலட்சம். அவற்றுள் 258,000 நாணயங்கள், அதாவது பாதிக்கு மேற்பட்டவை, உருக்குவதற்காக நாணயசாலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டன என்று நாணயக் கையேடுகள் குறிக்கின்றன.

எஞ்சியவற்றையும் சந்தை விட்டுவைக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1957இல் ஓர் அவுன்சு வெள்ளி அமெரிக்கச் சந்தையில் ஏறத்தாழ 91 சதத்துக்கு விற்றது. ஒரு டொலருக்கு 4.76 ரூபா என்ற அக்கால மாற்றுவிகிதப்படி, நாணயத்திலிருந்த வெள்ளியின் பெறுமதி மூன்றரை ரூபாவுக்குச் சற்று அதிகம். 1963இல் வெள்ளி 1.29 டொலரை எட்டியது. உள்ளிருந்த வெள்ளி ஐந்து ரூபாவைத் தாண்டிற்று. அன்றுதொட்டு அதனைக் காசாகச் செலவழிப்பவன் நட்டப்பட்டான். உலையில் இடுபவன் இலாபம் கண்டான். அரைஞாணும் தண்டையுமாய் உருமாறுவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

என்னிடம் அந்நாணயம் ஒன்று உண்டு. வகுப்பில் அதனைக் காட்டியபோது மாணவன் ஒருவன், “ஐயா, இது எங்கள் சமயத்துக்குரிய விழா அன்றே, ஏன் வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவினான். நல்ல வினா. அவனுக்கு நான் கூறிய விடையையே இங்கும் எழுதுகின்றேன்.

விசயன் இலங்கையில் வந்திறங்கிய நாளும் புத்தர் பரிநிருவாணம் அடைந்த நாளும் ஒன்றே என்பது மகாவமிசம் கூறும் செய்தி. ஆதலால் 2500 என்னும் அவ்வெண் ஒரு சமயத்தின் ஆண்டுக்கணக்காக மட்டுமன்றி, ஓர் இனத்தின் தோற்றக் கணக்காகவும் எண்ணப்பட்டது. அவ்விழா நிகழ்ந்த அதே 1956இல், ஆடி மாதத்தில், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 33ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விழாவின் எழுச்சியும் சட்டத்தின் வேகமும் ஒரே காற்றில் மிதந்து வந்தவை. அக்காற்று நம்மவர் வாழ்விற் செய்தது யாதென இம்மலரைப் படிப்போருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த ஆண்டை மாணவன் உணரவேண்டுமாயின், பாடநூலின் ஒரு பந்தியிலும் இந்நாணயம் கூடுதலாக உதவும். ஒரு சாட்சியைப் பேணிவைத்தல் அச்சாட்சியின் கூற்று முழுவதற்கும் உடன்படுதல் ஆகாது. நாம் மகிழ்ந்த நாட்களை மட்டும் சேர்த்துவைப்பதாயின் அது வரலாறன்று, வாழ்த்துமடல் தொகுப்பு.

நம் பக்கத்துச் சாட்சியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் நந்தியும் ‘சேது’ என்னும் தமிழ்ச்சொல்லும் காணப்படுகின்றன. கொட்றிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலும், முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டை யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலும் இக்காசுகளை ஆராய்கின்றன. ஓர் அரசு இங்கு இருந்தது என்பதற்கு அவை கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஆதாரம். செம்பு விலைபோகும் என்று கண்டெடுத்தவரெல்லாம் அவற்றைக் கன்னாரிடம் கொடுத்திருப்பாராயின், இன்று நாம் எதனைக் காட்டுவோம்?

வெள்ளியை அரசுகளே கைவிட்ட கதையும் சுவையுடையது. 1935இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்குப் பிரித்தானியா அடித்த கிரௌன் நாணயத்தில் வெள்ளி பாதியே. 1920இல் இயற்றிய சட்டம் 925 பங்கை 500 பங்காக முன்னரே குறைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தமையால், 1947 முதல் புழக்கக் காசுகளில் வெள்ளி முற்றாக நீங்கிற்று. இங்கிலாந்தின் முதல் வெள்ளிக் கிரௌன் 1551இல் ஆறாம் எட்வேட் காலத்தில் அடிக்கப்பட்டது. அதன் நானூறாம் ஆண்டையும் நினைவுகூர்ந்து 1951இல் வெளியிட்ட கிரௌனில் மருந்துக்கும் வெள்ளி இல்லை. வெள்ளிக்கு எடுத்த விழாவில் வெள்ளிக்கு அழைப்பில்லை!

இந்தியாவும் அவ்வழியே சென்றது. காந்தியடிகள் நூற்றாண்டு நினைவாக 1969இல் வெளிவந்த பத்து ரூபா 15 கிராம் நிறையில் 800 பங்கு வெள்ளி கொண்டது. 1972இல் சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாவின் நிறை 22.5 கிராமாக ஏறிற்று. வெள்ளியோ 500 பங்காக இறங்கிற்று. காசு பெருத்தது, வெள்ளி 12 கிராமிலிருந்து 11.25 கிராமாகச் சிறுத்தது. பெருத்த காசைக் கண்டு மயங்காதிருக்க இக்கணக்கு மாணவருக்கு உதவும். காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர். அவ்வருகையைப் பாட்டனார் வாயிலாகக் கேட்ட வீடுகளில் அந்தப் பத்து ரூபாவுக்குத் தனி மதிப்பு இருத்தல் வேண்டும்.

அண்மைக்கால வெளியீடுகளைப்பற்றி என் கருத்துச் சிலருக்கு உவப்பாய் இராது. மத்திய வங்கியின் நாற்பதாம் ஆண்டுக்கு 1990இல் வந்த 500 ரூபா, சுதந்திரப் பொன்விழாவுக்கு 1998இல் வந்த 1000 ரூபா ஆகிய வெள்ளி நாணயங்கள் பெட்டியில் வைத்து விற்கப்பட்டவை. அழகில் குறையில்லை. ஆயினும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று தேய்ந்த காசு பேசுமளவு அவை பேசுவதில்லை. பொன்விழாவுக்கே புழக்கத்தில் விடப்பட்ட இருவுலோகப் பத்து ரூபாவை, வசதி குறைந்த மாணவன் தயங்காது தேடலாம். 1957ஆம் ஆண்டின் ஒரு ரூபாவும் அத்தகையதே. வெள்ளி இல்லாவிடினும் அதே விழாவைத்தான் சொல்லுகின்றது. ஆகையால் இது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்பாரின் கூற்றை நான் ஏற்பதில்லை.

1995இல் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது பெட்டகத்திலிருந்ததை எடுத்துச் சென்றவர் சிலர்; விட்டுச் சென்றவர் பலர். எடுத்துச் சென்றவற்றுட் சில இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பழைய மாணவர் வீடுகளில் உறங்குகின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அவை என்னவென்று தெரியாது. வெள்ளி விலை ஏறுந்தோறும் விற்கும் எண்ணமும் எழும். கல்லூரி நூலகத்தில் பூட்டுடைய கண்ணாடிப் பேழை ஒன்று அமைக்கப் பழைய மாணவர் சங்கம் முன்வருமாயின், அவை இங்கு வந்து சேர இடம் உண்டாகும். தருபவர் நாணயத்தோடு ஓர் அரைத்தாளில், அஃது எவர் கையில் இருந்தது, எங்கே கிடைத்தது, எவ்வாறு காப்பாற்றப்பட்டது என்று எழுதித் தருதல் வேண்டும். அத்தாள் இல்லாத நாணயம் பாதி நாணயமே.

இன்னுமொன்று. தருவதற்கு முன் அவற்றைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்க வேண்டாம். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்வையால். தேய்த்தால் கறுப்போடு எழுத்தும் போகும். விளிம்பிற் பிடித்து, மென்தாளில் சுற்றி, கறுத்தபடியே அனுப்புக.