பாடபேதம் பக்திக்குப் பகை அல்ல

எருசலேம் அரண்மனையில் குளிர்காலம். யோயாக்கீம் அரசனுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை ஒருவர் உரக்கப் படிக்கிறார். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் அந்தப் பகுதியை அரசன் எழுத்தரின் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். இப்படியே முழுச் சுருளும் சாம்பலாகிறது. பிறகு எரேமியா மறுபடி சொல்கிறார், பாருக்கு மறுபடி எழுதுகிறார். முன்பு இல்லாத பல சொற்களும் சேர்கின்றன. இதைச் சொல்வது யூத வேதத்தில் உள்ள எரேமியா நூலின் 36-ஆம் அதிகாரம். தன் முதல் பிரதி எரிந்ததையும் அடுத்த பிரதி வளர்ந்ததையும் அந்த வேதமே மறைக்காமல் சொல்லிவிடுகிறது. திருத்தணி முருகனின் நிழலில் வாழும் நாம், அருணகிரிநாதரின் திருப்புகழ் அச்சாகும் விதத்தைப் பற்றி யோசிக்க இதில் பாடம் இருக்கிறது.

யூத வேதம் ஒரே கையால், ஒரே காலத்தில் எழுதப்பட்டதல்ல. நோவாவின் வெள்ளக் கதையில் ஒரு வசனம் எல்லா உயிரிலும் ஒவ்வொரு ஜோடி என்கிறது. இன்னொன்று சுத்தமான விலங்குகளில் ஏழேழு என்கிறது. மழைக்கு நாற்பது நாள் என்று ஓரிடம், வெள்ளத்துக்கு நூற்றைம்பது நாள் என்று வேறோரிடம். இரண்டு பழைய கதைகளை ஊடும் பாவுமாக நெய்தவர்கள், எந்த இழையின் நிறத்தையும் சாயம் போட்டு மறைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். மோசேயின் நூலிலேயே மோசேயின் சாவு எப்படி வந்தது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் நாத்திகர்கள் அல்லர். தால்முத் என்ற யூத நூலின் அறிஞர்களே கேட்டு, கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்றும் ஒரு விடை சொன்னார்கள். பின்னர் வந்த மசோரெட்டுகள் என்ற யூத ஏட்டறிஞர்கள் மூலத்தில் இருந்த எழுத்தை அப்படியே விட்டு, வாசிக்க வேண்டிய வேறு வடிவத்தை ஓரத்தில் குறித்தார்கள். பிழை என்று பட்டாலும் உள்ளே கை வைக்கவில்லை. 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் எரேமியாவின் நீண்ட வடிவமும் குறுகிய வடிவமும் ஒரே குகையிலிருந்து வெளிவந்தன. இரண்டும் அந்தச் சமூகத்தில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

நம் பக்கம் வருவோம். அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. கையில் இருப்பவை ஏறத்தாழ 1,300. அவையும் தாமாக வந்து சேரவில்லை. நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீப்பாக உயர்ந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கில் சான்றாகக் காட்டப்பட்ட ஒரு திருப்புகழைக் கேட்டு நெஞ்சு நெகிழ்ந்தவர். அன்று தொடங்கி ஊர் ஊராக ஏடு தேடினார். முதல் பாகத்தை 1894-இலும் அடுத்ததை 1901-இலும் அச்சிட்டார். அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை அதற்கு உரையும் கண்டார். தணிகைமணி என்ற பட்டம் அவருக்குப் பொருத்தமாகவே அமைந்தது. செல்லரித்த ஏடு, எழுத்து மயங்கும் ஏடு, ஒன்றோடொன்று ஒத்துவராத ஏடு இவற்றையெல்லாம் ஒப்பிட்டுச் செய்த வேலை இது. ஏட்டில் புள்ளி வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரியும். சந்தம் தெரிந்தவரே சொல்லைப் பிரித்தறிய முடியும்.

அந்த உழைப்பு இன்று கோயில் வாசலில் விற்கும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் காணாமல் போய்விட்டது. பாட்டு இருக்கிறது, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதம் இல்லை, தேடிக் கொடுத்தவர் பெயர் இல்லை. பக்தர் கையில் இருக்கும் நூலில் ஒரு சொல் தவறாக அச்சானாலும் தெரிய வழியில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று அச்சிட, அந்தத் தவறே மூலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

பாட்டுக்கு இரண்டு வடிவம் உண்டு என்று சொன்னால் நம்பிக்கை தளரும் என்பார்கள். தளர்வதாக இருந்தால் யூதர்களின் நம்பிக்கை எப்போதோ தளர்ந்திருக்க வேண்டும். ஓரக்குறிப்புகளோடுதான் அவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓதிவருகிறார்கள். அது பல கைகள் எழுதிய நூல், இது ஒரே புலவர் வாக்கு, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்ற கேள்வி கனமானது. வேறுபாடு உண்மைதான். ஆனால் ஒரே புலவர் பாடியது என்பதாலேயே பொறுப்பு கூடுகிறது. அவர் பாடிய சொல் எது என்று தேடுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அயல் மரபை ஏன் இழுக்கிறாய் என்பவர்களுக்கு நம் மரபே விடை தரும். தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கரையான் அரித்ததையும், மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்ததையும் பாட்டாகவே பாடிவைத்தது திருமுறைகண்ட புராணம். இழந்ததை ஒளிக்காத மரபு நம்முடையது.

கேட்பது பெரிதல்ல. திருத்தணியில் விற்கும் திருப்புகழ் நூலின் முதல் பக்கத்தில் தொகுத்தவர் வரலாறு பத்து வரி, பாட்டின் அடியில் ஏட்டில் கண்ட வேற்றுமை ஒரு வரி. செங்கல்வராய பிள்ளை பதிப்பில் இருக்கும் குறிப்புகளே இதற்கு அடித்தளமாகும். அறநிலையத் துறை ஒரு திருத்தமான பதிப்பை மலிவு விலையில் கொண்டுவந்தால் தனியார் பதிப்பகங்களும் அதைப் பார்த்து அச்சிட முன்வரலாம். எஞ்சிய ஏடுகள் சுவடி நூலகங்களிலும் பழைய வீடுகளிலும் நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படமெடுக்கும் வேலையையும் இதோடு தொடங்க வேண்டும்.